பத்து மணிக்குத் துள்ளும் நட்சத்திரம்

“மச்சான், மிஷின் நல்லாத்தான் கீது. உன் வூட்டு மாடியிலதான் இன்னாவோ நடக்குது.”

“மாடிக்கு யாருடா வரப் போறாங்க?”

“அத நீதான் பாக்கணும்.”

சனிக்கிழமை மாமல்லபுரத்தில் நண்பன் ஜோயல் சிரித்துக்கொண்டே சொன்னது, செவ்வாய்க்கிழமை காலையிலும் ஹரிஹரனின் காதை விட்டுப் போகவில்லை.

ஹரிஹரனுக்கு மறைமலைநகர் கம்பெனியில் இரவு ஷிஃப்ட். செங்கல்பட்டு வீட்டு மொட்டைமாடியில் டெலஸ்கோப்பை நிறுத்தி, கேமராவை ஓடவிட்டு, ஒன்பதரை மணி பஸ்ஸைப் பிடிப்பான். பூமி சுழலச் சுழல, ஒரே நட்சத்திரத்தைக் குறிவைத்துத் திரும்பிக்கொண்டே இருப்பது டெலஸ்கோப்பைத் தாங்கும் மவுண்ட்டின் வேலை. அது எவ்வளவு பிசகுகிறது என்பதை லேப்டாப் கோடாக வரைந்து வைக்கும். கோடு நேராக ஓடினால் படம் தெளிவு. துள்ளினால் நட்சத்திரமெல்லாம் புழு.

ஒரு மாதமாக, பத்து மணிக்குக் கோடு துள்ளியது. சரியாக இருபது நிமிடம். காற்றாக இருக்கும் என்று எடையைச் சமன் செய்தான், பெல்ட்டை இறுக்கினான், தொங்கும் ஒயர்களைக் கட்டினான். கடைசியில் ஜோயல் வீட்டுக்கே தூக்கிப் போய், கடலுக்கு எதிரே வைத்துப் பார்த்தான். அந்தக் காற்றிலும் கோடு அசையவில்லை.

அப்படியென்றால், அவன் இல்லாத நேரத்தில் மாடியில் யாரோ நடக்கிறார்கள்.

வீட்டில் இருப்பது அவனும் மனைவி ஜோதிலட்சுமியும்தான். “நைட்டு மாடிக்குப் போனியா?” என்றதற்கு, “நான் எதுக்குப் போறேன்?” என்று முகம் பார்க்காமல் சொன்னாள். வியாழக்கிழமைதோறும் அணுபுரத்தில் அக்கா துர்காதேவி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அக்காவோ நேற்று போனில், “அவளப் பாத்தே ரெண்டு மாசமாச்சு தம்பி” என்றாள். ஜோதி குளிக்கப் போன நேரத்தில் அவளுடைய போனை எடுத்து நோண்டினான்.

ஷிஃப்ட் முடிந்து வந்ததும் லேப்டாப்பைத் திறந்தான். இறுக்கித் திருத்தியதில் மற்ற நடுக்கமெல்லாம் அடங்கி, அந்த இருபது நிமிடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. துள்ளல் பெரிதாகி, மெல்லச் சிறுத்து, மறுபடி பெரிதாகியது. அரை நிமிடத்துக்கு ஒருமுறை, அலுக்காமல். யாரையோ பார்க்க வந்து நிற்கிற நடை இல்லை இது. ஒற்றை ஆள், சுற்றிச் சுற்றி வருகிற நடை.

மாடிக்கு ஓடிக் குனிந்து பார்த்தான். சிமெண்ட் வெடிப்புகளில் கழுவியும் போகாத கோலப்பொடி. பெரிய எட்டு. அதன் ஒரு வளையத்துக்குள்தான் அவனுடைய டெலஸ்கோப்பின் மூன்று கால்களும் நின்றன. சுகர் வந்தவர்கள் நடக்கிற எட்டு.

பின்னால் ஜோதி காபியோடு நின்றாள்.

“எவ்ளோ நாளா?”

“சுகர் வந்து ரெண்டு மாசம். நடக்க ஆரம்பிச்சு ஒரு மாசம். பகல்ல நடந்தா தெருவே கேக்கும், உங்கம்மா காதுக்குப் போவும். உன் மிஷினு காலடியக்கூட எழுதி வைக்கும்னு எனக்கு இன்னா தெரியும்?”

“வியாழக்கிழமை?”

“ஆஸ்பத்திரி.”

“நான் என்னென்னமோ நெனச்சிட்டேன் ஜோதி.”

“என் போன நோண்டுனப்பவே தெரியும். நோண்டுனவன் வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்.”

டம்ளரை அவன் கையில் திணித்தாள். இத்தனை நாளில் முதல்முறையாக நேராகப் பார்த்தாள்.

“ஒவ்வொரு வாரமும் உன்ன எழுப்பக் கை நீட்டுவேன். ஷிஃப்ட் முடிச்சு வந்து தூங்குறியேன்னு விட்டுடுவேன். இந்த வாரம் என்கூட ஆஸ்பத்திரிக்கு வரியா, மாமா? எனக்குத் தனியாப் போக பயமா கீது.”