உள்ள நாலு பேரு இருக்காக

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். விருதுநகரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியின் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே சாத்திய கதவு. அந்தப் பக்கம் என் மாணவி மாரிச்செல்விக்கு இன்டர்வியூ நடக்கிறது. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. பையில் இருந்தது கோ, வென்ட், கான் என்று தொடங்கும் வினைச்சொல் அட்டவணை மட்டும். அதன் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். இடம் குறைவு, அதனால் வர்ணனை கிடையாது.

2

முதல் தொடக்கம்: கந்தக மணம் வீசும் அந்த மாலைப் பொழுதில்...

[அடித்துவிட்டேன். நான் ஆமத்தூரில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆங்கில வகுப்பெடுக்கிறேன். அங்கே வீசுவது கீழ்வீட்டுப் பணியார வாசனை.]

இரண்டாவது தொடக்கம்: மாரிச்செல்வி ஓர் அப்பாவிப் பெண்...

[இதையும் அடித்துவிட்டேன். அவள் படித்தால் என்னைச் சும்மா விடமாட்டாள்.]

நேராகவே சொல்கிறேன். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை. அங்கிருந்து வெளியே வர வேண்டும், அவ்வளவுதான் ஆசை. சாயங்காலம் கம்பெனி பஸ் பத்து நிமிஷம் தாமதித்தால் அவள் மகள் தெருமுனைக்கு வந்து நின்றுவிடுகிறாளாம். இந்த ஏற்றுமதிக் கம்பெனியில் காலியாக இருப்பது, பெட்டிகளில் ஒட்டும் ஆங்கில லேபிளைச் சரிபார்க்கும் வேலை. வெடிக்காத வேலை.

3

அவள் நல்ல மாணவி. [முதலில் 'பிடிவாதக்காரி' என்று எழுதினேன். இரண்டும் இருக்கட்டும்.] நான் "ஐ ஆம் ஈட்டிங் அன் ஆப்பிள்" என்று போர்டில் எழுதினால், "இங்கன ஆப்பிள் யாரு டீச்சர் திங்கா?" என்பாள். பிறகு "ஐ ஃபில்டு, ஐ ஆம் ஃபில்லிங், ஐ வில் ஃபில்" என்று மருந்து செலுத்துவதிலேயே முக்காலத்தையும் முடித்துவிடுவாள்.

எனக்கு எரிச்சல் வேறு ஒன்றில். வகுப்பின் மற்ற மூன்று பேரும் வந்து என் முன்னால் உட்கார்ந்துவிட்டால் இவள் உள்ளே வரமாட்டாள். வாசற்படியில் உட்கார்ந்து முழங்காலில் நோட்டை வைத்து எழுதுவாள். [ஆள் குறைந்த நாளில் உள்ளே வந்தாலும் செருப்பை வெளியே விட்டுவிடுவாள், நாற்காலியை இழுக்கமாட்டாள், தூக்கித்தான் போடுவாள். எதையும் உரசக் கூடாதாம், பொறி பறக்குமாம்.]

"இது என்ன பட்டாசுக் கம்பெனியா? உள்ள வா" என்று ஒருநாள் கத்தினேன்.

"உள்ள நாலு பேரு இருக்கீகளே டீச்சர்" என்றாள். "ஒரு அறைக்கு நாலு பேருதான். அஞ்சாவது ஆள எங்க போர்மேன் விடமாட்டாரு. மூணு வருசத்துக்கு முன்னாடி ஒருநாள் தண்ணி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள என் எடத்துல வேற ஒருத்தி உக்காந்துட்டா. அவ எந்திரிச்சு வரட்டும்னு தூரத்துல வேப்பமரத்துக்கிட்ட நின்னேன். அஞ்சு நிமிசம் இருக்கும், அந்த அறையே போயிருச்சு. நான் வெளிய நின்னதாலதான் டீச்சர் இன்னைக்கு இங்கன உக்காந்திருக்கேன்."

அதற்குப் பிறகு நான் கத்தவில்லை. ஆனால் இன்டர்வியூவில் மட்டும் இப்படிச் செய்துவிடாதே தாயே என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவைத்தேன்.

4

செய்துவிட்டாள்.

இன்று அவளைப் பற்றி விசாரிக்க முதலில் என்னைத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். அறையில் அதிகாரி லட்சுமிகாந்தம், அவர் பக்கத்தில் இன்னொரு அதிகாரியம்மா, டீ கொண்டுவந்த சோலைமலை அண்ணன், நான். லட்சுமிகாந்தம் "கம் இன்" என்றார். மாரிச்செல்வி கதவைத் திறந்தாள். கண்ணாலேயே எண்ணினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

மறுபடி "கம் இன்" என்றார். அசையவில்லை.

"ஏம்மா, இதுகூடப் புரியலையா?" என்றவர் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆறு மாத உழைப்பும் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது அவள் வாசலில் நின்றபடியே சொன்னாள். "ஃபோர் பீப்பிள் ஆர் இன்சைட், சார். ஒன் பெர்சன் வில் கம் அவுட். தென் ஐ வில் கம் இன்."

குரல் நடுங்கியது. வினைச்சொல் ஒன்றுகூட நடுங்கவில்லை. [அலங்காரம்தான், தெரிகிறது. இருக்கட்டும், எனக்குப் பெருமை தாங்கவில்லை.]

நான் எழுந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. வெளியே வந்தேன். "தேங்க்ஸ் டீச்சர்" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

5

ஆக, எழுதுகிறவளே வெளியே உட்கார்ந்திருக்கிற கதை இது. முடிவு எனக்குத் தெரியாது.

ஒரு முடிவு: வேலை கிடைக்கிறது. அவள் மகள் இனித் தெருமுனைக்கு வருவதில்லை. [எழுதும்போதே கண் கலங்குகிறது. அதனாலேயே நம்பப் பயமாக இருக்கிறது.]

இன்னொன்று: "சொல்லி அனுப்புறோம்" என்கிறார்கள். நாளைக் காலையில் அவள் மறுபடியும் அந்த பஸ்ஸில்...

[இதை முடிக்கமாட்டேன்.]

இப்போது கதவு திறந்தது. சோலைமலை அண்ணன் காலி கிளாஸ்களோடு வந்தார்.

"என்னண்ணே நடக்கு உள்ள?"

"சார் கேட்டுக்கிட்டே இருக்காரு, அந்தப் பிள்ள சொல்லிக்கிட்டே இருக்கு. எனக்கு இங்கிலீசு தெரியாது டீச்சர். ஆனா நாற்காலியத் தூக்கிப் போட்டுத்தான் உக்காந்துச்சு."

தாளில் இடம் தீர்ந்துவிட்டது. எண்ணிப் பார்க்கிறேன். உள்ளே இப்போது மூன்று பேர். இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது. நான் போனால் அழுதுவிடுவேன். நீங்கள் போங்கள். செருப்பை வெளியே விட்டுவிடுங்கள். நாற்காலியை இழுக்காமல் தூக்கிப் போட்டு, அவள் பக்கத்தில் உட்காருங்கள்.