இருபதடிச் சுவர்

1974இல் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை வாசலில் இருபதடிச் சுவருக்கு, மீனவன் வலை இழுப்பதுபோல் சிமெண்ட் சிற்பம் செய்யும் வேலை எனக்குக் கிடைத்தது. சிற்பி ரத்னா என்றால் பெண்ணா என்று அதிகாரி முகம் சுளித்தார். எனக்கோ கால் ஒரு இடத்தில் நிற்காது. வலை இழுக்கும் தோளை அசையும் படமாகப் பார்க்காமல் சிமெண்ட் கரண்டியைத் தொடமாட்டேன் என்று இரவல் காமிராவோடு பழவேற்காட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

ஏரியில் இன்றைக்கு இன்னார், இந்த இடத்தில் என்று முறை வைத்துத்தான் வலை இறக்குவார்கள். அதற்குப் பாடு என்று பெயர். நான் படமெடுக்கப் பிடித்த மீனவன் மாரியப்பனுக்கு அன்று பாடு இல்லை. வெளிச்சம் நன்றாக இருந்த இடத்தில் ஒரே ஒரு தடவை இறக்கச் சொல்லி நான்தான் அவனை நச்சரித்தேன்.

பம்பாயில் கழுவிப் படம் வந்ததும் இருப்புக் கொள்ளவில்லை. அவனைக் கேட்காமலே குப்பத்துப் பள்ளிக்கூடச் சுவரில் ஓட்டிக் காட்டினேன். முதலில் ஒரே சிரிப்பு. மாரியப்பன் வலையோடு வந்ததும் கூட்டம் அடங்கிவிட்டது. பின்னால் தெரிந்த சவுக்குத்தோப்பு, அன்று அது யாருடைய பாடு என்று சொல்லிவிட்டது.

"அன்னிக்கி அது எங்க பாடாச்சே. உன் வலைக்கு அங்க இன்னா வேலை?" என்றார் நாகமுத்து.

படத்துக்காக இறக்கினான், வெறும் வலை, மீனே இல்லை என்று நான் பாய்ந்தேன். அப்படியானால் மன்னிக்கலாம், மீனை எடுத்திருந்தால் வருஷம் முழுக்க அவனுக்குப் பாடு கிடையாது, மறுபடி காட்டுங்கள் என்றார்கள் குப்பத்துப் பெரியவர்கள். பெருமையாக ஓட்டினேன். வலை மேலே வந்தபோது அதில் ஏதோ மினுமினுத்தது. என்ன ஒளி என்று நூறு தடவை நான் சொக்கிப்போன இடம் அது.

"மடவை மீனு," என்றார் நாகமுத்து.

பிடிபட்டதை உடனே தண்ணீரில் விட்டுவிட்டதாக மாரியப்பன் சொன்னான். அதற்குள் சுருள் தீர்ந்து, சுவர் வெறும் வெள்ளையாக இருந்தது. அவன் விட்டதை நீங்கள் பார்த்தீர்களா என்று எல்லோரும் என்னைக் கேட்டார்கள். அன்று ஏரியில், வலை மேலே வந்த கையோடு நான் குனிந்து காமிராவில் சுருள் மாற்றிக்கொண்டிருந்தேன். பார்த்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பாவி, அதுகூட எனக்குத் தோன்றவில்லை.

அந்த வருஷம் அவன் ஏரியில் இறங்கவில்லை. வேறு வழியில்லாமல் என் சுவருக்கே சிமெண்ட் குழைக்க வந்தான். அவன் குழைத்ததை வைத்தே அவன் தோளையும் கையையும் வலையையும் எழுப்பினேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. கடைசி நாள், சாரத்தடியில் அண்ணாந்து நின்றவன் வாயைத் திறந்தான்.

"வலையில மீனு மட்டும் வெச்சிடாதீங்கம்மா."