தொங்கிக்கொண்டே இருந்த வலை

தெமோதரைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலை மைதானத்தில், பிள்ளைகள் ஏறி விளையாடும் கயிற்று வலையைக் கட்டியவர் என் கணவர் கிருஷ்ணராஜ். பக்கத்து ஊரான எல்லயில், சுற்றுலாக்காரர்கள் கயிற்றில் தொங்கி மரத்துக்கு மரம் தாவும் இடமொன்றில் அவருக்குக் கயிறு கட்டுகிற வேலை. கொழும்பிலிருந்து யாரோ நன்கொடையாக அனுப்பிய வலை அலுவலக அறையில் மூட்டையாகவே கிடப்பதைப் பார்த்துவிட்டு, "நானே கட்டித் தாரேன் டீச்சர்" என்று காமிலா டீச்சரிடம் கேட்டு வாங்கினார். மலைச்சரிவின் அடியில் நின்ற டர்பன்டைன் மரத்தில் ஒரு பக்கம். மைதானத்தின் கீழ் ஓரத்தில், பாறையில் நட்ட இரும்புத் தூணில் மறுபக்கம். முதல் நாள் அது தப்பு மேளத்தின் தோல் மாதிரி விறைப்பாக நின்றது.

ஐப்பசி மழை தொடங்கியதும் வலை தொங்கியது. இழுத்துக் கட்டினார். மிஞ்சிய கயிற்றை வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அடுத்த வாரம் மறுபடி தொங்கியது.

மைதானத்துக்கு நேர் கீழே, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் மேல் லயம். அதன் கடைசிக் காம்பராவில் அவருடைய தாய்மாமன் இராசையா இருந்தார். வலையைக் கட்டிவிட்டு இவர் இறங்கும்போதெல்லாம் மாமா வாசலில் நின்றே பிடித்துக்கொள்வார்.

"என்ன மாப்ள, எல்லக்கி வர்ற வெள்ளைக்காரனெல்லாம் உசுரோட ஊர் போய்ச் சேர்றானுங்களா?"

"மழைக்கு நைலோன் கவுறு இழுபடும் மாமா."

"கவுறு இழுபடுதா, கட்டுனவன் கை இழுபடுதா?"

லயமே சிரிக்கும். அவரும் சிரிப்பார். ஆனால் வீட்டுக்கு வந்து சோற்றை வெறுமனே பிசைந்துகொண்டிருப்பார்.

அன்று மழைக்காகப் பாடசாலையை மூடியிருந்தார்கள். நான் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவும் திறக்கவில்லை. காலையிலேயே மைதானத்துக்குப் போனவர் நனைந்து திரும்பி, இன்னொரு கயிற்றுத் துண்டை வாசலில் போட்டார்.

"இன்னைக்கும் தொங்குது விஜி. என் கையிலதான் என்னமோ கோளாறு."

அதற்கு முன் வெட்டிய துண்டுகளை முடிச்சுப் போட்டு முற்றத்தில் எனக்குத் துணி காயப்போடக் கொடி கட்டித் தந்திருந்தார். எங்கள் லயம் ஓடைக்கு இந்தப் பக்கம். எடுக்க மறந்த இரண்டு போர்வைகள் கொடியில் கிடந்தன.

"ஒங்க கை நல்லாத்தான் இருக்கு. இந்தா, இதுவும் அதே கவுறு, நீங்க கட்டுனதுதானே? ஈரப் போர்வை ரெண்டு கெடந்தும் தொங்கலையே. இது என்ன, வேற மழையிலயா நனையுது?"

கேலியாகத்தான் சொன்னேன். அவர் கொடியின் பக்கத்தில் போய் விரலால் சுண்டினார். ஒரு மனிதரின் முகம் அப்படி வெளுத்துப்போவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"கவுறு இழுபடல விஜி," என்றார். "மரம் கிட்ட வந்திருக்கு."

மரம் எப்படி வரும்? நான் கேட்பதற்குள் அவர் ஓடைப் பாலத்தில் இருந்தார். பின்னாலேயே ஓடினேன். டர்பன்டைன் மரத்துக்கு மேலே மானாப்புல்லை விலக்கினார். சரிவின் குறுக்கே மண் பிளந்திருந்தது. கையை விட்டுப் பார்த்தார். தோள்வரை போனது.

மேல் லயத்துக்கு இறங்கிக் கதவு கதவாகத் தட்டினோம். "வெளிய வாங்க! மலை வருது, பாலம் தாண்டிக் கோயிலுக்கு ஓடுங்க!"

திறந்தவர்கள் சிரித்தார்கள். அவரைப் பார்த்தாலே சிரித்துப் பழகியிருந்தார்கள். பிள்ளைக்காம்பராவில் என்னிடம் குழந்தையை விட்டுப் போகும் நிரஞ்சலாதான் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைக்குழந்தையோடு முதலில் இறங்கினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

இராசையா மாமா மட்டும் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"கவுறு கட்டத் தெரியலன்னு ஒத்துக்கிட்டுப் போயேன்டா மாப்ள. அதுக்கு ஏன் மலை மேல பழி போடுற?"

"எனக்குக் கட்டத் தெரியல மாமா. ஒத்துக்கிறேன். எந்திரிங்க."

"அப்படி வா வழிக்கு!" மாமா சிரித்தார். "இரு, இதக் குடிச்சிட்டு வாறேன்."

என் கணவர் என் பக்கம் திரும்பினார். "நீ புள்ளைகளக் கூட்டிட்டுப் போ. நான் மாமாவத் தூக்கிக்கிட்டாச்சும் வாறேன்."

பாலத்தைத் தாண்டித் திரும்பிப் பார்த்தேன். மாமாவின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தார். கோப்பை இன்னும் மாமாவின் கையில்தான் இருந்தது. அவர்களுக்கு மேலே டர்பன்டைன் மரம் சாயவில்லை. நிமிர்ந்து நின்றபடியே நடந்து வந்தது. நான் பார்த்தேன். சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது. பிறகு அங்கே லயம் இல்லை.

மழை விட்ட பிறகுதான் தோண்ட முடிந்தது. தோண்டப் போன நிமலன் சேறு வழிய என் வாசலில் வந்து நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வலை ரெண்டு பேரையும் சேத்துச் சுத்தியிருந்திச்சு அக்கா. முடிச்ச அவுக்கப் பாத்தோம். ஒன்னுகூட அவுறல. வெட்டித்தான் எடுத்தோம்."

வெட்டியதற்கு மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னான். எனக்கு அழுகை வரவில்லை. போர்வைகளை எடுக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. முற்றத்தில் இறங்கிக் கொடியைத் தொட்டேன். விறைப்பாகவே இருந்தது.