நான்காவது தசமம் வரை

கேமரா மெக்கானிக் ஒரு நோட்டை நீட்டிக்கொண்டு வந்து நின்றபோது தங்கச்சி மேடம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முதல் ஸ்பூனை வாயருகே கொண்டுபோயிருந்தாள். தங்கச்சி மேடம் என்பது அவளுடைய பெயர் அல்ல. ஆய்வுக்கூடத்துத் தலைவரின் மனைவிக்குத் தங்கை என்பதால் முதுகுக்குப் பின்னால் வைக்கப்பட்டு, நாளடைவில் முகத்துக்கு முன்னாலும் வந்துவிட்ட பெயர். அக்கா வீட்டுக்காரர் தயவில் கிடைத்த வேலை என்று சொல்லாமல் சொல்லும் பெயர். ஏழு வருஷமாகக் கேட்டுக் கேட்டு, அவள் காதில் அந்த இடம் மட்டும் காய்த்துப்போயிருந்தது.

“போன வருஷம் கேமராவக் கழட்டி சுத்தம் பண்ணி மாட்டினோம்ல மேடம், அந்தத் தேதிக்கு நேரா ஒரு கையெழுத்து. மாட்டினதுல அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல திரும்பிடுச்சு. சார்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன், அவரும் எவ்வளவு கழிக்கணும்னு அட்டவணை போட்டு சுவத்துல ஒட்டிட்டாரு. நீங்க கழிச்சிட்டீங்கதானே?”

“கழிச்சாச்சு, கழிச்சாச்சு.”

கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தாள். அவர் வாசலைத் தாண்டிய பிறகுதான் ஸ்பூன் அந்தரத்தில் நின்றது. கழிக்கவில்லை.

அவர்கள் இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தது ஓர் இளம் விண்மீனை. வயது இருபது லட்சம் வருஷம்தான். விண்மீன் கணக்கில் அது பால்பல் விழாத பருவம். ஒரு வாரம் பளிச்சென்று இருக்கும், மறுவாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். சுற்றிக் கிடக்கிற வாயுவை வாரி விழுங்குவதும், விழுங்கியது ஒத்துக்கொள்ளாமல் துப்புவதுமாக, நல்ல வீட்டில் பிறந்து கெட்டுப்போன பிள்ளை மாதிரி ஒரு விண்மீன். அதன் பக்கத்தில் ஒரு மங்கல் புள்ளி. விண்மீனாக எரிவதற்கு எடை போதாமல், பிறந்த சூட்டை வைத்துக்கொண்டே கனன்றுகொண்டிருக்கிற துணை. பெரியதன் வெளிச்சம் இருக்கும்வரை இந்தச் சிறியது கண்ணுக்கே தெரியாது. வெளிச்சத்தைத் துடைத்து எடுத்துவிட்டு, மிச்சமிருக்கிற கசடில் புள்ளியைத் தேடிப் பிடித்து, எந்தத் திசையில் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளக்க வேண்டும். அதுதான் தங்கச்சியின் வேலை. தயவில் வந்தவளோ என்னவோ, அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

முதல் அளவுக்கும் இந்த வருஷ அளவுக்கும் நடுவில் புள்ளி அரை டிகிரிக்கு மேல் நகர்ந்திருந்தது. ‘துணை சுற்றுகிறது, சுற்றுவதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டோம்’ என்று தலைவர் குதித்தார். கட்டுரை இன்று நாலு மணிக்குப் போகிறது. பத்திரிகைகளுக்கான குறிப்பில் ‘வரலாற்றில்’ என்ற சொல் மூன்று இடத்தில் வந்தது. இப்போது பார்த்தால், திரும்பியது துணை இல்லை, கேமரா.

சாப்பாட்டை மூடிவிட்டு மறுபடி கணக்குப் போட்டாள். திருகலைக் கழித்ததும் புள்ளி சமர்த்தாகப் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. விண்மீனோடு கூடவே போகிறது, துணைதான், சந்தேகமில்லை. சுற்றுவது தெரிய இன்னும் பல வருஷம் ஆகும். சரி, மானம் போனது போனதுதான், போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தாள். அவளுடைய ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. நீட்டிக்கும் கையெழுத்து தலைவருடையது. திட்டு வாங்கினாலும் காலில் விழுந்தாவது சமாளிக்கலாம் என்றுதான் நடந்தாள்.

தண்ணீர் இயந்திரம் வரைக்கும்தான் நடக்க முடிந்தது.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு, தலைவரே ஏற்படுத்தியது. எந்தப் புள்ளியையும் இரண்டு பேர் தனித்தனியாக அளப்பார்கள். ஆளுக்கொரு சீட்டில் எழுதி, உறையில் போட்டு, நாக்கால் நக்கி ஒட்டி, தலைவர் அறை அலமாரியில் வைப்பார்கள். மூன்றாம் நாள் தேநீர் வேளையில் எல்லார் முன்னாலும் பிரிப்பார்கள். இரண்டாவது தசமம் வரை ஒத்துப்போனாலே கைதட்டல் கிடைக்கும். தங்கச்சியும் தலைவரும் அளந்தால் நான்காவது தசமம் வரை ஒத்துப்போகும். “எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணு” என்று தலைவர் தோளைத் தட்டுவார். அவளும் அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பல் வைத்தியரிடம்கூட வாயைத் திறந்துகொண்டே சொன்னாள் என்று கேள்வி.

இந்தப் புள்ளியிலும் இரண்டு சீட்டும் நான்காவது தசமம் வரை ஒன்று. அவள் எண் தப்பு. அட்டவணை போட்டவர் அவர். அது தொங்குவது அவர் தலைக்கு மேலே. அப்படியென்றால் அவருடைய எண் எப்படித் தப்பாகும்?

அவள் உள்ளே போனபோது தலைவர் பேனா மூடியால் காது குடைந்துகொண்டிருந்தார். எடுத்ததை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அவளைப் பார்த்தார்.

“மாமா.”

“ஆபீஸ்ல சார்.”

“சார், என் நம்பர் தப்பு. கேமரா திருகினத கழிக்க மறந்துட்டேன்.”

அவருக்கு முகம் சுண்டியது. ஆனால் சமாளிப்பதில் மன்னன் அல்லவா? “அட்டவணை இதோ தொங்குது, இதைப் போயா மறப்பாங்க? சரி விடு. நாலு மணிக்குள்ள மாத்திடு. சுத்துதுங்கறத எடுத்துட்டு கூடவே போகுதுன்னு போடு. துணை துணைதானே, ஓடியா போச்சு?”

“நீங்க கழிச்சீங்களா?”

“நான் கழிக்காம? அட்டவணையே என்னுது.”

“அப்புறம் எப்படி உங்க நம்பரும் என் தப்பையே பண்ணுச்சு?”

மறுபடி காதுக்குள் போயிருந்த பேனா மூடி அங்கேயே நின்றது. பிறகு அவர் சிரித்தார். மாட்டிக்கொண்டவர் சிரிப்பாக இருந்திருந்தால்கூட அவள் மனசு ஆறியிருக்கும். கல்யாண வீட்டில் மச்சினியைக் கேலி செய்கிறவர் சிரிப்பாக இருந்தது.

“உன் நம்பர் மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை. எனக்கு மீட்டிங்கே சரியா இருக்கு, உட்கார்ந்து அளக்க எங்க நேரம்? பாராட்டா எடுத்துக்கோயேன்.”

“என் கவரப் பிரிச்சீங்களா?”

“கெட்டில் எதுக்கு இருக்கு? ஆவியில காட்டினா அதுவா வாயத் திறக்குது.”

“திரும்ப ஒட்டறதுக்கு?”

தலைவர் நாக்கு நுனியை வெளியே நீட்டிக் காட்டினார். குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுவது மாதிரி. நடுவில் ஒரு பிளவும், ஓரத்தில் தேநீர்க் கறையும்.

அவள் கழிவறைக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள். அவள் நக்கிய அதே விளிம்பில், அதே பசையில், அவரும் நக்கியிருக்கிறார். அந்த உறையை அவள்தான் மூன்றாம் நாள் பிரித்தாள். விரலில் பிசுபிசுப்பு இருந்ததை வேர்வை என்று நினைத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். மறுபடி கொப்பளித்தாள். சோப்பை எடுத்து விரலிடுக்கெல்லாம் தேய்த்தாள். பிறகு ஆவணப் பெட்டியைத் திறந்து பழைய உறைகளை எடுத்துப் பார்த்தாள், தொடாமல், ஸ்கேலால் தள்ளித் தள்ளி. பதினாலு புள்ளிகள், பதினாலு கட்டுரைகள். அவளுடைய உறைகளின் மூடிகள் மட்டும் நனைந்து காய்ந்த அப்பளமாகச் சுருங்கியிருந்தன. அவருடையவை மொறமொறவென்று புதுசு. இதைப் பார்க்க ஏழு வருஷம் தேவைப்பட்டிருக்கிறது. விண்மீன் வெளிச்சத்தைத் துடைத்துவிட்டுப் புள்ளி தேடுகிறவளுக்கு மேசை மேல் கிடந்தது தெரியவில்லை. தோளைத் தட்டும்போது பல்லைக் காட்டியது ஞாபகம் வந்தது. அவர் நாக்கைவிடத் தன்னுடைய அந்தப் பல்தான் இப்போது அதிகம் குமட்டியது.

இரண்டரைக்கு அக்கா கூப்பிட்டாள். சேதி அதற்குள் வீடு போய்ச் சேர்ந்திருந்தது.

“ஏன்டி, அவர்கிட்ட மூஞ்சியக் காட்டினியாமே?”

“என் கவரப் பிரிச்சுப் பார்த்து எழுதியிருக்காரு அக்கா. ஏழு வருஷமா.”

“ஓ, அதுவா.” அக்கா சலித்துக்கொண்டாள். “எனக்கு வர்ற லெட்டரையும் அப்படித்தான் ஆவி காட்டிப் படிப்பாரு. கல்யாணம் ஆனதுல இருந்து. நான் கண்டுக்கறதில்ல. அவருக்கு அதுல ஒரு சந்தோஷம்.”

“உனக்கு அருவருப்பா இல்லையா?”

“ஆரம்பத்துல இருந்துச்சு. இப்ப நீ வீட்டு விஷயத்த வெளிய போட்டுட்டு நிக்காத.”

“இது வீட்டு விஷயமா?”

“அவர் என் வீட்டுக்காரர்தானே? அப்ப வீட்டு விஷயம்தான். உன் வேலையும் அந்த வீட்டுலேருந்து வந்ததுதான், ஞாபகம் வச்சுக்கோ.” பிறகு குரல் இறங்கியது. “பேசாம இருந்துடு தங்கம். எனக்காக.”

தங்கம் என்று அக்கா அவளைக் கூப்பிடுவது காரியம் ஆக வேண்டியபோது மட்டும்தான். போனை வைத்துவிட்டு அவள் கட்டுரையைத் திறந்தாள். சுற்றுகிறது என்ற பத்தியை வெட்டினாள். சரியான எண்ணைப் போட்டாள். அதற்குக் கீழே, பதினாலு கட்டுரைகளிலும் தவறாமல் வந்த அந்த வாக்கியம் இருந்தது: ‘இருவர் தனித்தனியே அளந்து, பின் ஒப்பிட்டோம்.’ முதலில் எழுதியது அவள்தான். நல்ல வாக்கியம் என்று அப்போது நினைத்தாள். இப்போதும் அது நல்ல வாக்கியம்தான். ஒருவரும் கேள்வி கேட்கப்போவதில்லை. எண் சரி, துணை உண்மை, நாலு மணிக்குப் போய்விடும், அடுத்த மாதம் கையெழுத்தும் விழும். அக்கா ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடுவாள். அவர் எதிரில் உட்கார்ந்து விரலைச் சூப்புவார்.

மூன்று மணிக்கு அடுத்த அறையில் கேக் வெட்டினார்கள். கட்டுரை போவதற்குள் கேக்கா என்று யாரோ கேட்க, ‘போனது மாதிரிதான்’ என்று தலைவர் குரல் கேட்டது. நடுவில் கண்ணாடித் தடுப்பு என்பதால் எல்லாம் தெரிந்தது. அவர் கத்தியில் ஒட்டியிருந்த க்ரீமை விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டு, அதே கத்தியால் அடுத்தவருக்குத் துண்டு போட்டார். அவளைப் பார்த்து ‘வா’ என்று கத்தியை ஆட்டினார்.

அவள் அந்த வாக்கியத்தை அழித்தாள். ‘ஒருவர் அளந்தார். இதற்கு முந்தைய பதினாலு கட்டுரைகளிலும் ஒருவரே அளந்தார்’ என்று அடித்தாள். இரண்டு முறை படித்தாள். எழுத்துப்பிழை இல்லை. கட்டுரையில் பெயர் உள்ள பன்னிரண்டு பேருக்கும் அனுப்பினாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் மேசை மேல் கிடந்த போன்கள் ஒவ்வொன்றாகச் சிணுங்கின. கேமரா மெக்கானிக் தட்டை வைத்துவிட்டுச் சட்டைப்பையைத் தடவினார். ஒருத்தர் படித்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார், அவர் தரையைப் பார்த்தார். தலைவர் பெரிய துண்டாக ஒன்றை அப்போதுதான் வாய்க்குள் தள்ளியிருந்தார். இடது கையால் போனை எடுத்து, தள்ளிப் பிடித்து, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு படித்தார். மென்றுகொண்டிருந்த தாடை நடுவழியில் நின்றது. ஒரு பக்கக் கன்னம் உப்பலாக, உதட்டோரம் வெள்ளையாக, அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவர் கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.