வௌவால் தோப்பில் ஒரு கிசுகிசுச் சண்டை

1

இந்தக் கதை ஒரு வௌவால் எச்சத்திலிருந்து பிறந்தது. இதைவிடக் கௌரவமான பிறப்பிடம் ஒன்றைச் சொல்ல ஆசைதான். முதலில் இப்படித் தொடங்கினேன்:

பெம்பா தீவின்மேல் அந்தி இறங்கியபோது, பழந்தின்னி வௌவால்கள் கரிய குடைகளைப் போல

நிறுத்திவிட்டேன். கரிய குடை என்றால், வௌவால்களைக் காத்துவந்த ஷாமே சிரிப்பார். அவருடைய வௌவால்களுக்குச் செம்பட்டை முடி. ஷாமே போன மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துவிட்டார். ஆனாலும் சிரிப்பார்.

இரண்டாவது தொடக்கம்: கணவரின் கல்லறை முன் மிஸே தனியாக

இதுவும் வேண்டாம். இப்போதே மூக்கை உறிஞ்சுகிறது.

2

கோம்போ வெட்டுக்கத்தியோடு வந்தான்.

(இப்படித் தொடங்கினால் யாரும் தூங்கமாட்டார்கள்.)

நோன்பு மாதம் பிறக்குமுன் எங்கள் ஊரில் கல்லறைகளைச் சுத்தம் செய்வார்கள். கோம்போவின் அண்ணன் ஷாமேயின் கல்லறை வௌவால் தோப்பில், கிளைகளுக்கு நேர் கீழே இருந்தது. [அவரே கேட்டுவைத்த இடம். வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை.] மேட்டின் நடுவில், சரியாக நெஞ்சுக்கு மேலே, ஒரு செடி. விரல் நீளம். இரண்டே இலை.

அதை மறித்துக்கொண்டு ஷாமேயின் மனைவி மிஸே உட்கார்ந்திருந்தாள். (மிஸே நானல்ல. அவள் என்னைவிட உயரம்.)

வௌவால்களைக் காக்க ஊரில் ஒரு சங்கம் தொடங்கியபோது ஷாமே இரண்டு சட்டம் போட்டிருந்தார். ஒன்று, தோப்பில் யாரும் குரல் உயர்த்தக்கூடாது. வௌவால்கள் மிரண்டு பறந்தால் குட்டிகள் விழுந்துவிடும். இரண்டு, வௌவால் எச்சத்தில் முளைத்த எதையும் பிடுங்கக்கூடாது. பிடுங்கினால் ஒரு கோழி அபராதம், சங்கமே சமைத்துச் சாப்பிடும். மொட்டைக் குன்றில் பாதி இன்று காடாக நிற்பது இரண்டாம் சட்டத்தால்தான். ஊரில் கோழி குறைந்ததும் அதனால்தான்.

ஆகவே சண்டை முழுவதும் கிசுகிசுப்பிலேயே நடந்தது. வாசகரே, நீங்களும் அப்படியே படியுங்கள்.

"அண்ணி, தள்ளுங்க. பிடுங்கணும்."

"தொட்டா கையை ஒடிச்சிருவேன்."

"என்ன? கேக்கல."

"கையை ஒடிச்சிருவேன்னேன்!"

"மெதுவா அண்ணி, மேல குட்டி இருக்கு."

"சரி. கையை ஒடிச்சிருவேன்."

கோம்போ குந்தினான். "வேர் அண்ணன் நெஞ்சுல இறங்கும் அண்ணி. அதை நெனச்சா எனக்குத் தூக்கமே வரல."

"இறங்கட்டும். உயிரோட இருந்தப்ப மட்டும் அந்த நெஞ்சுல என்ன இருந்துச்சாம்? மரந்தானே! எனக்கே ஓரமாத்தான் இடம். அவரு வௌவாலுங்க கடைசியா அவருக்குன்னு நட்டது இது. விடமாட்டேன்."

3

இங்கே ஊர்த்தலைவர் மகாமேயை வரவழைக்கிறேன். அவர் கதைக்குத் தேவையா என்பது எனக்கே சந்தேகம். வெள்ளை அங்கி போட்டிருக்கிறாரே என்பதற்காகச் சேர்த்தேன். தோப்புக்குள் வெள்ளை அங்கியோடு நுழைந்தால் என்ன ஆகும் என்பது

ஆகிவிட்டது. இடது தோளில்.

"சட்டம் சட்டந்தான்," என்று தோளைத் துடைத்தபடி கிசுகிசுத்தார். "பிடுங்கினா கோழி."

"என்கிட்ட இருக்கறதே ஒரு சேவல், தலைவரே."

"தெரியும்டா. விடியறதுக்கு முன்னாடியே என் காதுல வந்து கத்துதே, அதானே? பிடுங்கு தம்பி. தயங்காத."

"தலைவரே!"

"நடுநிலையாத்தாம்மா சொல்றேன்."

கோம்போ இலையை உற்றுப் பார்த்தான். "இது என்ன செடி, அண்ணி?"

"தெரியல. அவரு இருந்தா சொல்லியிருப்பாரு."

"காட்டு அத்தின்னு சொல்லியிருப்பாரு."*

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சத்தமில்லாமல் சிரித்தால் அழுவதைப் போலவே தோள்கள் குலுங்கும். யார் சிரிக்கிறார்கள், யார் அழுகிறார்கள் என்று புரியாமல் மகாமே இருவருக்கும் பொதுவாகத் தலையாட்டினார்.

* ஷாமே எந்த முளையைப் பார்த்தாலும் காட்டு அத்தி என்பார். அவற்றில் ஒன்றுகூடக் காட்டு அத்தியாக வளர்ந்ததில்லை.

4

முடிவுகள்.

கோம்போ பிடுங்குகிறான். ஊரே சேவல் பிலாவுச் சோறு சாப்பிடுகிறது. மகாமேக்கு இரண்டு தட்டு. மிஸே சாப்பிட வரவில்லை. எழுதிப் பார்த்தேன், கிழித்துவிட்டேன்.

அல்லது, யாரும் தொடவில்லை. செடி மரமாகிறது, வௌவால்கள் தொங்குகின்றன. கோம்போ மட்டும் இன்னும் தூங்கவில்லை. அவனும் தம்பிதானே.

அல்லது, மண்ணோடு பெயர்த்தெடுத்து மிச்சமிருக்கும் மொட்டைக் குன்றில் நடுகிறார்கள். அருமையான முடிவு, சங்கமே கைதட்டும். ஆனால் பெயர்க்கும்போது வேரோடு ஒட்டிவரும் அந்த ஒரு பிடி மண்ணை மிஸே எப்படிக் கையில்

(இந்த வாக்கியம் இவ்வளவுதான்.)

அதனால் அவர்களை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். கத்தி தரையில் கிடக்கிறது. கோம்போவின் விரல்கள் தண்டைச் சுற்றியிருக்கின்றன. அவற்றின்மேல் மிஸேயின் கை. மகாமே பிலாவுச் சோற்றை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நீங்களே சொல்லுங்கள், என்ன செய்யலாம்? எதுவானாலும் மெதுவாகச் சொல்லுங்கள். மேலே அவை தூங்குகின்றன. கீழே அவர்.