ராயப்பன் சொன்னதாகச் சொன்னது

சாலை வேலைக்கு ஓடும் சர்க்கார் வண்டிகளைப் பழுதுபார்க்கும் அந்த விழுப்புரத்து ஒர்க்‌ஷாப்பில் சவுரியம்மாள் ஒருத்திதான் பெண். ரோடு ரோலர், தார் லாரி, ஆபீசர்களின் ஜீப்பு என்று எது வந்தாலும், பிரித்துப் போட்ட சாமான்களை டீசல் தொட்டியில் முக்கி, பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து வைப்பது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகும்போதுகூட விரல் இடுக்கில் கிரீஸ் கறுப்பாய்த் தெரியும்.

புருஷன் ராயப்பன் செத்ததால் கிடைத்த வேலை அது. அவன் அங்கே மெக்கானிக்காக இருந்தவன். எண்பத்தொன்றாம் வருஷத்து ஐப்பசி மழையில், ஷெட்டுக்கு வெளியே மண்தரையில் தார் லாரி ஒன்றைத் தூக்கி நிறுத்தி அடியில் படுத்து ஸ்பிரிங் பட்டை மாற்றிக்கொண்டிருந்தான். ஊறிப்போயிருந்த மண்ணில் ஜாக்கி புதைந்து சாய்ந்தது. லாரி அவன் மேல் இறங்கிவிட்டது.

அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, அவனோடு வேலை பார்த்த ஃபிட்டர் பெரியதம்பி மட்டும் போகாமல் நின்றான். கூட்டேரிப்பட்டுக்காரன். அதிகம் பேசமாட்டான்.

"நான் கிட்டதான் இருந்தேன் தங்கச்சி. என் கையப் புடிச்சிக்கினு, 'சவுரிய தைரியமா இருக்கச் சொல்லு, பாப்பாவ படிக்க வைக்கச் சொல்லு'ன்னாரு. அத்தோட கண்ண மூடிட்டாரு" என்றான்.

அந்த வார்த்தையைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். வானூரிலிருந்து அண்ணன் சவுரிராயன் வந்து, "ஆம்பளைங்க நடுவுல எண்ணெயில பொரண்டுக்கினு இருக்கப் போறியா? எங்கூட வந்துடு. பாப்பாவும் களையெடுக்கப் பழகிக்கட்டும்" என்று எவ்வளவோ சொன்னான்.

"அவரு சொல்லிட்டுப் போயிருக்காருண்ணே" என்றாள். சவுரிராயன் தனியாகவே வானூருக்குப் பஸ் ஏறினான்.

மகள் அமலோற்பவம் பள்ளிக்கூடம் முடித்து, டீச்சர் டிரெயினிங்கும் முடித்தாள். திண்டிவனத்தில் ஒரு வாத்தியார் பையனுக்கு அவளை நிச்சயம் செய்தார்கள். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையும் படித்தாகி, அடுத்த மாதம் கல்யாணம் என்று இருக்கும்போதுதான் அந்தத் தார் லாரி திரும்பி வந்தது.

விபத்துக்குப் பிறகு அதைத் திண்டிவனம் பக்கம் அனுப்பிவிட்டிருந்தார்கள். இத்தனை வருஷமும் சவுரியம்மாள் அதைப் பார்த்ததில்லை. கேட்டுக்குள் அது உறுமிக்கொண்டு நுழைந்ததும் பெரியதம்பி கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். அதிலிருந்தே அவளுக்குப் புரிந்துவிட்டது.

டிரைவர் விருத்தாசலம் இறங்கி நேராக அவளிடம் வந்தார். அந்த நாளிலும் அவர்தான் அதை ஓட்டியவர். இப்போது தலை முழுக்க நரைத்து, ரிட்டயராகும் வயது.

"உன்னப் பாக்கவே மனசு வரலம்மா எனக்கு. வண்டியத் தொடும்போதெல்லாம் ராயப்பன் நெனப்புதான்" என்றார். அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்திருக்கவேண்டும். "ஒண்ணு மட்டும் மனசத் தேத்திக்கம்மா. அவன் கஷ்டப்படல. நாங்க கேட்டாண்ட டீக்கடையில மழைக்கு ஒதுங்கி நின்னுக்கினு இருந்தோம். சத்தம் கேட்டு ஓடியாந்தோம். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சி. ஒரு வார்த்த பேசல, துடிக்கல. அந்த மட்டும் சாமி புண்ணியம்."

சவுரியம்மாளின் கை தொட்டியில் இருந்த பேரிங்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

"பெரியதம்பி அண்ணன்?"

"அவனும் எங்கூடதான் டீ குடிச்சிக்கினு இருந்தான். கிளாஸப் போட்டுட்டு முதல்ல ஓடனவனே அவன்தான்."

விருத்தாசலம் சாவியைக் கொடுக்க ஆபீசுக்குப் போனார். சவுரியம்மாள் அந்தப் பேரிங்கை எடுத்துத் துடைத்து, மறுபடியும் டீசலில் போட்டாள்.

வீட்டில் மகளிடம் எதுவும் சொல்லவில்லை. கோபம் கோபமாக வந்தது. அவ்வளவு பெரிய பொய்யை எப்படிச் சொல்ல மனசு வந்தது அந்த மனுஷனுக்கு? தினமும் எதிரில் நின்று எப்படி டீ வாங்கிக் கொடுத்தான்? அப்புறம் கோபம் எங்கோ போய், வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. ராயப்பன் பக்கத்தில் யாருமே இல்லை. கையைப் பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லை. மழைச் சத்தத்தில் அவன் கூப்பிட்டிருந்தாலும் யாருக்குக் கேட்டிருக்கும்? இத்தனை வருஷமாக அவன் தன்னை நினைத்துக்கொண்டே போனான் என்று நம்பி அவள் தூங்கியிருக்கிறாள்.

பெரியதம்பியோடு பேச்சை நிறுத்தினாள். அவன் வாங்கி வைத்த டீ ஆறிப்போய்க் கிடந்தது.

லாரியின் பின்பக்கத்தைத் தூக்கவேண்டி வந்தபோது பெரியதம்பியைத்தான் அடியில் போகச் சொன்னார்கள். சிமெண்டுத் தரைதான், இருந்தும் லாரி இறங்கிவிடாதபடி அவன் அடியில் கட்டை மேல் கட்டையாக அடுக்கினான். "போதும்யா" என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் காதில் வாங்கவில்லை. எந்த வண்டிக்கும் அவன் அப்படித்தான் அடுக்குவான். பயந்த சுபாவம் என்றே அவள் நினைத்திருந்தாள். அவன் உள்ளே போய்ப் படுத்தான். கொஞ்ச நேரத்தில் பட்டையைக் கழற்றாமலே வெளியே தவழ்ந்து வந்து, ஷெட்டின் பின்னால் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். தோள் குலுங்கியது.

சவுரியம்மாள் கேட்டுவிடவேண்டும் என்றுதான் பின்னாலேயே போனாள். காலடிச் சத்தம் கேட்டு அவன் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னா தங்கச்சி, பேசவே மாட்ற? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

சிவந்துபோயிருந்த அவன் கண்ணை அவள் பார்த்தாள்.

"கல்யாண வேலண்ணே. பேஜாரா கீது. நீங்க தண்ணி குடிங்க" என்று சொம்பை எடுத்துவந்து கொடுத்தாள்.

கல்யாணம் விழுப்புரத்துக் கோயிலில் காலைப் பூசையோடு நடந்தது. பெரியதம்பி வெள்ளைச் சட்டை போட்டு, பெண்சாதியோடு வந்து பந்தியில் பரிமாறினான். மாப்பிள்ளை வீட்டார் திண்டிவனத்துக்குக் கிளம்ப வேன் வந்து நின்றபோது, அமலோற்பவம் அவன் கையைப் பிடித்து இழுத்துவந்து மாப்பிள்ளை முன்னால் நிறுத்தினாள்.

"மாமா, அப்பா கடைசியா சொன்னத இவருகிட்ட சொல்லு மாமா. உன் வாயால சொல்லணும்."

பெரியதம்பி சவுரியம்மாளைப் பார்த்தான். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கு அந்த நேரத்தில் தெரிந்துவிட்டதோ என்னவோ.

"சொல்லுங்கண்ணே" என்றாள் சவுரியம்மாள். "கொழந்த கேக்குது இல்ல."

அவன் சொன்னான். தடுமாறித்தான் சொன்னான். 'பாப்பாவ படிக்க வைக்கச் சொல்லு' என்ற இடத்தில் அவனுக்குக் குரல் உடைந்தது. மகள் அழுதாள், மாப்பிள்ளைப் பையன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வேன் போன பிறகு பெரியதம்பி அவள் பக்கத்தில் வந்து நின்றான். "தங்கச்சி..." என்று ஆரம்பித்தான்.

"வேணாண்ணே. போயி சாப்புடுங்க. காலையிலேருந்து ஒண்ணும் சாப்புடல நீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டு பந்தல் பக்கம் போனான். சவுரியம்மாள் காலியாகிப்போன கோயிலுக்குள் போய், கடைசி பெஞ்சில் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். அடக்கத்தன்று அவள் அழுதது தனக்காக, பிள்ளைக்காக. இப்போது அழுதது, மழையில் ஒரு லாரிக்கு அடியில் யாரும் இல்லாமல் கிடந்தவனுக்காக. வெளியே பாத்திரம் கழுவும் சத்தம் நிற்கும்வரை அழுதுகொண்டிருந்தாள்.