பத்தாம் தேதி வானம்

மார்ச்சா, அக்டோபரா? மகள் கேட்டது இவ்வளவுதான். தாமரிஸ் நான்கு நாளாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் சியோமாரா பின்லாந்துக்காரனைக் கட்டிக்கொண்டு போய் ஒன்பது வருஷமாயிற்று. மாப்பிள்ளை தாப்பியோவுக்குக் கம்ப்யூட்டர் வேலை, எந்த ஊரிலிருந்தும் பார்க்கலாம். "மூணு வாரம் வர்றோம்மா. அவருக்கு நம்ம ஊரு ஒத்துக்கிச்சுன்னா அங்கேயே வந்துடறதா இருக்கோம். லீவு மார்ச்ல கிடைக்கும், இல்லேன்னா அக்டோபர்ல. எப்ப வரட்டும், நீயே சொல்லு" என்றாள் போனில். புருஷன் போனபின் ஒண்டிக்கட்டையாகக் கிடப்பவளிடம் கேட்கிற கேள்வியா இது? தப்பாகச் சொன்னால் மகள் போனது போனதுதான்.

அவள் ஊரான அத்தேனாஸின் நுழைவில், உலகத்திலேயே சிறந்த தட்பவெப்பம் இங்குதான் என்று பெருமையடித்துக்கொள்வார்கள். எந்த மாதத்தில் என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

மார்ச்சில் மழை கிடையாது. ஆனால் மலையெல்லாம் காய்ந்து பழுப்பாகிவிடும், கரும்புத் தோட்டம் எரிக்கிற கரி முற்றத்தில் விழும், குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். பனியில் வளர்ந்த பிள்ளை வதங்கிப் போவானே! அக்டோபரோ, பச்சைப்பசேல். ஆனால் மழை.

கடைசியில் நோட்டை எடுத்தாள். ஜனவரியின் முதல் பன்னிரண்டு நாளும் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒவ்வொன்று. அன்றைய வானம் எப்படியோ அந்த மாதமும் அப்படி. முப்பத்தொரு வருஷமாக அவள் குறித்து வருகிறாள். இந்த வருஷம் மூன்றாம் தேதி, புழுதிக்காற்று. பத்தாம் தேதி, துடைத்துவிட்ட மாதிரி வானம். பதின்மூன்றிலிருந்து தலைகீழாகவும் ஒருமுறை எண்ணிச் சரிபார்ப்பார்கள். அந்தக் கணக்கில் பதின்மூன்று டிசம்பர், பதினாலு நவம்பர், பதினைந்து அக்டோபர். அன்று தூறல்.

"அக்கா, அக்டோபர்ல வரச் சொல்ல நோட்டு எதுக்கு? கிறுக்கு போதுமே!" என்று சிரித்தான் பக்கத்து வீட்டு ஓல்மன், காபிக்கொட்டை லாரி ஓட்டுகிறவன்.

"போன வருஷம் மே மாசத்தைச் சரியாச் சொன்னேனா இல்லையா?"

"மே மாசம் மழை பெய்யும்னு என் லாரிக்குக்கூடத் தெரியும்."

அவன் பேச்சில் வந்த ரோஷமோ என்னவோ, அக்டோபர் என்று சொல்லிவிட்டாள்.

வந்து இறங்கிய மறுநாள் பிடித்தது மழை. பதினோரு நாள் விடவில்லை. மலைப்பாதையில் மண் சரிந்தது. தகரக் கூரைக்குக் கீழே கத்திப் பேச வேண்டியிருந்தது. தாமரிஸுக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல முகம்தான், ஆனால் அதில் ஒன்றும் தெரியவில்லை. பிடித்திருக்கிறதா, மரியாதைக்கு இருக்கிறானா? அவன் சும்மா இருந்தால் கவலை. சிரித்தால் அதைவிடக் கவலை.

பன்னிரண்டாம் நாள் ஓல்மனோடு வாய்க்கால் அடைப்பெடுக்கப் போய், தலை முதல் கால் வரை சேறாகத் திரும்பி வந்தான். வெல்லத் தண்ணீரைச் சுடச்சுடக் குடித்துவிட்டு, தெரிந்த நாலு வார்த்தையைக் கோத்து, "அம்மா, மழை நல்லா இருக்கு. சூடு மழை! நான் போகலை" என்றான்.

தாமரிஸுக்குத் தலைகால் புரியவில்லை. இதைச் சொல்ல அடுக்களைக்கு ஓடினாள். அங்கே சியோமாரா குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் காயப்போட்ட காலுறையைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"என்னால முடியலம்மா. துணி காய மாட்டேங்குது. தலையணை நாறுது. செருப்புல பூஞ்சை. இந்தச் சத்தம்... ராத்திரி முழுக்கத் தூங்கல."

"இதே கூரைக்குக் கீழதானேடி வளர்ந்தே?"

"அதான் எனக்கும் புரியல."

தாமரிஸ் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை மாதம் அந்நியனுக்கென்றே யோசித்தாளே! பெற்ற பெண்ணைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்தாளா?

"மார்ச்ல வரச் சொல்லியிருக்கணும். என் தப்பு."

"மார்ச்ல வந்திருந்தா புழுதின்னு அழுதிருப்பேன்மா."

"அப்ப எந்த மாசம்தான் உனக்குப் பிடிக்கும்? சொல்லு, அப்ப வா."

சியோமாரா காலுறையைப் பிழிந்து பார்த்தாள். "தெரியலம்மா" என்றாள். தாமரிஸ் எழுந்தாள். அந்தக் காலுறையை வாங்கி இஸ்திரிப்பெட்டியால் தேய்க்க ஆரம்பித்தாள்.

அவர்கள் கிளம்பிப் போனார்கள். சண்டை ஒன்றுமில்லை. விமானநிலையத்தில் மாப்பிள்ளைதான் அதிகம் அழுதான்.

ஜனவரி பத்தாம் தேதி காலை ஆறு மணிக்கு நோட்டும் கையுமாக முற்றத்தில் நின்றாள். வானம் நீலம். போன் அடித்தது. தாப்பியோதான், வீடியோவில்.

"அம்மா, அக்டோபர் எப்படி?"

"வெயில்னு சொல்லுது மாப்பிள்ளை."

"அப்ப மழை!" என்று சிரித்தான்.

"அவ எங்க?"

போனை ஜன்னல் பக்கம் திருப்பினான். வெளியே சியோமாரா வாசல் பனியை அள்ளிக்கொண்டிருந்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. பக்கத்து வீட்டுக் கிழவரிடம் என்னவோ சொல்லி, மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த மூன்று வாரத்தில் ஒருநாள்கூடத் தாமரிஸ் இந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை. சந்தோஷமாக இருந்தது. வலிக்கவும் வலித்தது. எது அதிகம் என்று அவளுக்கே தெரியவில்லை.

நோட்டை மூடினாள்.

"மாப்பிள்ளை, நான் அங்க வரணும்னா எந்த மாசம் நல்லாயிருக்கும்?"

தாப்பியோ வாயைத் திறந்தான். "ஜூன்" என்றான். "இல்லை, கொசு. ஆகஸ்ட்... இல்லை, மழை." தலையைச் சொறிந்தான். பிறகு ஜன்னலைத் திறந்து, பெண்டாட்டியைக் கூப்பிட்டான்.